‘நீ ஒரு மசோக்கிஸ்ட்’ என்று சொன்னால் என்ன அர்த்தம்?

கேள்வி கேட்டிருப்பவர் மதுரையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். தொடர்ந்து மூன்றாவது வாரமும் இரவு ஷிஃப்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம். அதைப் பார்த்த டீம் லீடர் சிரித்துக்கொண்டே, “நீ ஒரு மசோக்கிஸ்ட்மா” என்றாராம். வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தால் பாலியல் சம்பந்தமான விளக்கம் முதலில் நிற்கிறது. அவர் என்னை அசிங்கமாகப் பேசிவிட்டாரா? சாடிஸ்ட் என்பதற்கு இது எதிர்ச்சொல்லா? தமிழில் இதற்கு என்ன சொல்? என் தம்பி வருஷா வருஷம் அலகு குத்திக்கொள்கிறான், அவனையும் இப்படிச் சொல்லலாமா? கேள்விகள் இவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுவாகத்தான் இருக்கும். அநேகமாக அசிங்கமாகப் பேசவில்லை. இன்றைய ஆங்கிலப் பேச்சில் இந்தச் சொல் ரொம்பவே தேய்ந்துவிட்டது. மாரத்தான் ஓடுகிறவர், சி.ஏ. தேர்வை ஐந்தாவது தடவை எழுதுகிறவர், வருஷம் தவறாமல் தோற்கும் அணிக்கே கத்துகிற ரசிகர் எல்லோரும் தங்களைத் தாங்களே ‘மசோக்கிஸ்ட்’ என்று சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். ‘தானே போய்க் கஷ்டத்தை இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆள்’ என்ற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். ஆனாலும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வேறு, மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரைப் பார்த்துச் சொல்வது வேறு. அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தச் சொல்லுக்குப் பின்கட்டு ஒன்று இருக்கிறது, அது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்தப் பின்கட்டின் கதை இது. லியோபோல்ட் வான் சாஹர்-மாசோஹ் என்று ஒரு எழுத்தாளர். 1836இல் லெம்பெர்க் நகரில் பிறந்தவர். அன்றைக்கு அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது, இன்றைக்கு உக்ரைனில் லிவிவ் என்ற பெயரில் இருக்கிறது. 1870இல் வெளிவந்த அவருடைய கதை ஒன்றில், ஒருவன் தான் விரும்பும் பெண்ணிடம் போய், தன்னை அடிமையாக நடத்து, சவுக்கால் அடி என்று கெஞ்சுகிறான். கற்பனை என்று விட்டுவிடவும் முடியாது. 1869 டிசம்பரில் ஃபானி பிஸ்டர் என்ற பெண்ணுக்கு ஆறு மாத காலம் அடிமையாக இருப்பதாக அந்த எழுத்தாளரே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நம் ஊர்ப் பத்திர எழுத்தர் கையில் கிடைத்திருந்தால் முத்திரைத்தாள் எத்தனை ரூபாய்க்கு வாங்குவது என்று திகைத்திருப்பார். அந்த ‘ஆறு மாதம்’ என்ற கெடுவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ரிச்சர்ட் வான் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் 1890இல், வலியிலும் அவமானத்திலும் பாலின்பம் காண்பதற்கு இந்த எழுத்தாளரின் பெயரையே வைத்தார். மாசோஹ் அப்போது உயிரோடுதான் இருந்தார், 1895 வரை இருந்தார். தன் குடும்பப் பெயர் ஒரு நோயின் பெயராக ஆவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். சாடிசம் என்பதும் இப்படி ஒரு பெயரில் இருந்து வந்ததுதான். மார்க்கி தெ சாத் என்ற பிரெஞ்சுப் பிரபு, 1740இல் பிறந்து 1814இல் இறந்தவர், வாழ்க்கையில் பல வருஷங்களைச் சிறையிலும் மனநல விடுதியிலும் கழித்தவர். ‘சாத்’ என்பதுதான் மூல உச்சரிப்பு என்பதால், ‘சேடிஸ்ட்’ என்பதைவிட நாம் எழுதும் ‘சாடிஸ்ட்’ மூலத்துக்கு நெருக்கம். நான் தமிழ் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு பையன், ‘சாடு’ என்ற வினையடியில் இருந்து சாடிசம் பிறந்தது என்று தேர்வுத்தாளில் எழுதியிருந்தான். தவறுதான். ஆனால் அழகான தவறு, அரை மதிப்பெண் போட்டேன். மசோக்கிசத்தை ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மசோச்சிசம்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது.

சரி, இரண்டும் எதிர்ச்சொல்லா? அகராதி அப்படித்தான் ஜோடி சேர்த்து வைத்திருக்கிறது. பிறருக்கு வலி கொடுத்து மகிழ்வது ஒன்று, தனக்கு வரும் வலியில் மகிழ்வது இன்னொன்று. ஆனால் இரண்டு பேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜோடிப் பொருத்தம் உதைக்கிறது. சாத் எழுதும் உலகில் அடிபடுகிறவருக்குச் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. மாசோஹ் உலகில் எல்லாம் சம்மதத்தில்தான் தொடங்குகிறது. அடி வாங்குகிறவன்தான் ஒப்பந்தம் எழுதுகிறான், என்ன உடை போட வேண்டும் என்றுகூட அவனே சொல்கிறான், எத்தனை மாதம் என்று கெடுவும் வைக்கிறான். பார்ப்பதற்கு அடிமை, உண்மையில் நாடகத்தை நடத்துகிறவன் அவன்தான். அதனால் இந்தச் சொல்லை ஒருவர் மேல் போடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். இந்த வலியை இவர் தானாகத் தேர்ந்தெடுத்தாரா? போதும் என்று நினைத்தால் இவரால் நிறுத்த முடியுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று வந்தால்தான் சொல் பொருந்தும்.

இந்தக் கேள்விகளை நான் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டுதான் கற்றேன். ஓய்வு பெற்ற பிறகு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பல வருஷங்களுக்கு முன், குடும்ப ஆலோசனை பற்றிய ஒரு கையேட்டை ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டே கூட வாழும் பெண்களைப் பற்றி ஒரு பகுதி. அங்கே வந்த ‘மசோக்கிஸ்ட்’ என்ற சொல்லை ‘துன்ப விரும்பி’ என்று தமிழாக்கி, நல்ல சொல் கிடைத்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். சரிபார்த்த பெண் மருத்துவர் போன் செய்தார். “ஐயா, மூலத்துல என்ன எழுதியிருக்குன்னு திரும்பப் படிங்க. ‘இவங்களை அப்படிச் சொல்லக் கூடாது’ன்னுல்ல எழுதியிருக்கு. நீங்க ‘கூடாது’வை விட்டுட்டீங்க. அவங்க எங்க ஐயா விரும்புனாங்க? போக இடம் இல்ல, கையில காசு இல்ல, பிள்ளைங்க ஸ்கூல் போகணும்.” நான் பதில் பேசவில்லை. ஒரு எதிர்மறை விகுதியைத் தவறவிட்டதுகூடப் பெரிதில்லை. தவறவிட்ட பிறகும் அந்த வாக்கியம் எனக்கு இயல்பாகத் தெரிந்தது பாருங்கள், அதுதான் உறுத்தியது. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழி காதில் ஊறிப்போன எவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

மருத்துவ உலகமே இந்தத் தவறின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருக்கிறது. 1980களில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ‘மசோக்கிஸ ஆளுமைக் கோளாறு’ என்று ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார்கள். கணவனிடம் அடிபடும் பெண்களின் மேலேயே பழியைப் போடுவதற்கு இது உதவும் என்று எதிர்ப்பு கிளம்பியது. பெயரை மாற்றி, ‘தன்னைத் தானே தோற்கடிக்கும் ஆளுமை’ என்று 1987 பதிப்பின் பின்னிணைப்பில் வைத்தார்கள். 1994 பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் மாறியிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், வயது வந்தவர்கள் முழுச் சம்மதத்தோடு தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் இத்தகைய பழக்கம் நோயாக இல்லை. சம்மதம் இல்லாதவரை வதைக்கிற இச்சைதான் நோயாக இருக்கிறது. ஆக, மருத்துவர்களும் சுற்றி வளைத்துச் சம்மதத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது அடிபட்டுக்கொண்டு இருந்தால் அவருக்குப் பெயர் வைக்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள்.

இப்போது தமிழ்ச் சொல். ‘தன்வதை இன்பம்’, ‘பிறர்வதை இன்பம்’ என்று ஜோடியாக எழுதுகிறவர்கள் உண்டு. பிறர்வதை சரி. தன்வதை எனக்கு உவப்பாக இல்லை. கையைக் கீறிக்கொள்கிற, சுவரில் தலையை முட்டிக்கொள்கிற பிள்ளைகளின் நினைவுதான் அதில் வரும். அந்தப் பிள்ளைகள் இன்பத்துக்காக அதைச் செய்வதில்லை. உள்ளே தாங்க முடியாத ஒன்றைக் கொஞ்ச நேரம் மறப்பதற்குத்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள். அவர்களோடு பேச ஆள் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். அவர்களையும் இந்தச் சொல்லுக்குள் இழுத்து வரும் தமிழாக்கம் வேண்டாம் என்பது என் கட்சி. ‘வலியின்பம்’ என்று சொல்லலாம், சின்னதாக இருக்கிறது, சந்தியும் முட்டவில்லை. ஓடுகிற உரைநடையில் ‘துன்பத்தில் இன்பம் காண்பது’ என்று மூன்று சொல்லாக எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. நான் அப்படித்தான் எழுதுகிறேன். கலைச்சொல் கட்டாயம் வேண்டும் என்கிற இடத்தில் ‘மசோக்கிசம்’ என்றே போட்டுவிடுவேன். ஒரு மனிதரின் பெயரைத் தமிழாக்க நாம் யார்?

இந்தக் குடும்பத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரையும் சொல்லிவிட வேண்டும். தான் எதுவும் செய்யாமல், பிறர் வழுக்கி விழுவதைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்வது. ஜெர்மானியர்கள் தீங்கு, மகிழ்ச்சி என்ற இரண்டு சொல்லை ஒட்டி ‘ஷாடன்ஃபிராய்ட’ என்று ஒற்றைச் சொல்லாக்கினார்கள். ஆங்கிலக்காரர்கள் அதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டார்கள். தமிழில் இதற்குப் பெயர்ச்சொல் இல்லையே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். பெயர்ச்சொல் எதற்கு? நம்மிடம் முழு வாக்கியமே இருக்கிறது. “நல்லா வேணும் அவனுக்கு!” அவ்வளவுதான். இதில் யாரும் யாருக்கும் எதையும் வேண்டவில்லை, நல்லதும் இல்லை. மூன்று சொல்லில் தீர்ப்பும் கொண்டாட்டமும் சேர்ந்து வந்துவிடுகிறது. இன்னொன்று, அண்ணன் தம்பி சண்டையில் பொம்மை உடைந்தபின் அம்மா கேட்பது: “இப்பக் குளுந்துச்சா உனக்கு?” பிறர் துன்பத்தில் நமக்கு வருவது சூடு இல்லை, குளிர்ச்சி என்று கண்டுபிடித்த தாய்மார்களுக்கு எந்த ஜெர்மன் அகராதியும் ஈடாகாது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதும் இந்த வகைதான். விபத்து நடந்த இடத்தில் கூட்டமாக நிற்பதற்கு நாம் வைத்த பெயரே ‘வேடிக்கை’ பார்ப்பதுதானே.

மதுரையில் ‘லந்து’ என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைச் சாடிசம் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். டீக்கடையில் ஒருவனை நாலு பேர் சேர்ந்து ஓட்டுவார்கள். அவனும் திருப்பிக் கொடுப்பான், கடைசியில் அவன்தான் டீக்குக் காசு கொடுப்பான். லந்துக்குள் இருக்கிற எழுதாத விதி, ஓட்டப்படுகிறவனும் சிரித்தாக வேண்டும் என்பது. அவன் முகம் சுருங்கிய நிமிஷமே, “டேய், விடுங்கடா” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வராத இடத்தில் நடப்பது லந்து இல்லை. உங்கள் டீம் லீடர் விஷயத்திலும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். உங்கள் முகம் சுருங்கியதை அவர் கவனித்தாரா?

பிறர் வலி பற்றிப் பேசும்போது ஆவணி மாதம் மதுரைப் புட்டுத்தோப்பில் நடக்கும் திருவிழா எனக்கு ஞாபகம் வரும். வைகை கரை உடைகிறது, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணை. ஆள் இல்லாத பிட்டு விற்கும் கிழவி வந்திக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சிவன் மண் சுமக்க வருகிறார். வேலை செய்யாமல் ஆடிப்பாடித் தூங்குகிறார். மன்னன் பிரம்பால் முதுகில் ஒரு அடி போடுகிறான். அந்த அடி மன்னன் முதுகு உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுகிறது. உலகத்தில் சாடிஸ்ட் பிழைக்கவே முடியாத ஊர் ஒன்று இருக்குமென்றால் அது அந்தக் கதைக்குள் இருக்கும் மதுரைதான். கதைக்கு வெளியே இருக்கும் மதுரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

இனி, துன்பத்தில் இன்பம் காண்பதற்கு நாம் எல்லோரும் தினமும் கொடுக்கிற சாட்சி. மிளகாய். ராத்திரி ஒன்பது மணிக்கு மதுரையில் ஏதாவது ஒரு பரோட்டாக் கடையில் போய் நின்று பாருங்கள். சால்னாவை இன்னும் ஊற்றச் சொல்லி, மூக்கில் தண்ணீர் வடிய, கண் சிவக்க, ‘உஸ்… உஸ்…’ என்று ஊதிக்கொண்டே ஒருவர் அடுத்த வாயை எடுத்து வைப்பார். என்னண்ணே உறைக்குதா என்று கேட்டால் கோபம் வரும். “உறைக்காமயா? அதுக்குத்தான வர்றோம்!” நம் நாட்டுக்கு மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான், மிளகு போல உறைக்கும் காய் என்பதால்தான் மிளகு-காய், மிளகாய். வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகி, ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

மிளகாயில் உண்மையில் சூடு கிடையாது. நாக்கின் நரம்பு முனைகளில், சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்து ‘சுடுது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் ஒரு கதவு இருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் கள்ளச்சாவி போட்டு அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. நாக்கு வேகவில்லை, ஆனால் வெந்துவிட்டதாக மூளைக்குத் தந்தி போகிறது. இதை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1997இல் கண்டுபிடித்தது. 2021இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் சேர்ந்து கிடைத்தது. பறவைகளின் கதவுக்கு இந்தச் சாவி பொருந்துவதில்லை. ஆகவே கிளி ஜோசியரின் கூண்டுக்குள் மிளகாய்ப் பழத்தைக் கொறித்துக்கொண்டு இருக்கும் கிளி மசோக்கிஸ்ட் இல்லை, அதற்கு உறைக்கவே இல்லை. உறைக்கிறது என்று தெரிந்தும் தின்கிற நாம்தான் சந்தேகத்துக்கு உரியவர்கள்.

பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் மிளகாய் தின்பவர்களைப் பல வருஷம் ஆராய்ந்தார். 2013இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தீங்கில்லாத மசோக்கிசம் என்கிறார்கள். உடம்பு ‘ஆபத்து’ என்று கத்துகிறது, மனம் ‘ஒன்றுமில்லை, சும்மா இரு’ என்கிறது. உடம்பை மனம் ஏமாற்றி ஜெயித்த அந்தச் சின்ன வெற்றியில்தான் இன்பம். ராட்டினம், பேய்ப்படம், பிடித்துவிடும்போது ‘ஆ… அங்கதான், இன்னும் அழுத்து’ என்று சொல்ல வைக்கும் கழுத்து வலி, எல்லாம் இதே கணக்கு. தாங்க முடியாத அளவுக்கு ஒரு படி கீழே இருக்கும் காரம்தான் பலருக்கும் மிகப் பிடித்த காரம் என்பதும் ரோசின் கண்டது. ஒரு படி மேலே போய்விட்டால்? அப்போதுதான் ஜிகர்தண்டாக் கடை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் போகாது. பால் அடக்கும். இதை ஆராயாமலேயே நம் ஊர்க்காரர்கள் சரியான கடைக்குப் பக்கத்தில் சரியான கடையைப் போட்டிருக்கிறார்கள்.

சோகப் பாட்டும் இதில் சேரும். திருமங்கலம் போகும் பஸ்ஸில் ராத்திரி நேரம் காதல் தோல்விப் பாட்டாகவே ஓடும். காதலிலும் தோற்காத, கல்யாணமும் ஆகாத பையன்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண் கலங்குவார்கள். டிரைவர் குத்துப் பாட்டு போட்டால், “அண்ணே, பழசையே போடுங்க” என்பார்கள். என் அப்பத்தா மேலூர்ப் பக்கம் எந்தச் சாவு வீடாக இருந்தாலும் ஒப்பாரி பாடப் போய்விடுவார். உறவு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். “அழுதா பாரம் எறங்குதுய்யா” என்பார். அது இன்பமா? இன்பம் என்று சொன்னால் செருப்பால் அடிப்பார். ஆனால் போகாமல் இருந்த நாளில் முகம் செத்துக் கிடக்கும்.

உங்கள் தம்பி விஷயம். அலகு குத்திக்கொள்வதும், பூக்குழி இறங்குவதும், தீச்சட்டி எடுப்பதும் வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு மசோக்கிசம் மாதிரித் தெரியலாம். வலி இருக்கிறது, தானாகத் தேர்ந்தெடுத்ததும்தான், முடிந்தபின் முகத்தில் ஒரு பிரகாசமும் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரன் அதற்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: நேர்த்திக்கடன். கடன்! ஆத்தாளிடம் ஒன்று கேட்டான், கிடைத்தது, திருப்பிக் கொடுக்கிறான். கடன் அடைத்தவன் முகத்தில் தெரியும் நிம்மதியை, கடன் கட்டியதை ரசித்தான் என்று எழுதினால் எவ்வளவு அபத்தம். வலி அங்கே நாணயம், சரக்கு இல்லை. வலிக்கவில்லை என்றுதான் அவர்களில் பலர் சொல்வார்கள். வலியை ரசிக்கிறவன் அதை ஏன் இல்லை என்கிறான்? அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் மாடு குத்திய தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிற பையனும் இப்படித்தான். விழுப்புண் படாத நாளை எல்லாம் வீணாய்ப் போன நாள்களில் எண்ணிவைப்பான் வீரன் என்கிறது குறள். அவனுடைய சந்தோஷம் தழும்பில் இருக்கிறது, குத்தில் இல்லை.

சமணத் துறவிகளையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும். திருப்பரங்குன்றத்திலும் மாங்குளத்திலும் அவர்கள் படுத்த கற்படுக்கைகள் இன்னும் இருக்கின்றன. கோடையில் ஒரு மத்தியானம் அதில் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன், ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. ‘உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை அற்றே தவத்திற் குரு’ என்ற குறளின் பொருள் அங்கேதான் எனக்கு முதுகு வழியாக ஏறியது. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதது, இவ்வளவுதான் தவத்தின் வடிவம். மசோக்கிசம், சாடிசம் என்ற இரண்டு மேடுகளுக்கும் நடுவில் ஓடுகிற மாதிரி இருக்கிறது அந்த ஒன்றேமுக்கால் அடி. நோன்றல் என்றால் பொறுத்தல். ரசித்தல் என்று அவர் எழுதவில்லை.

ரசித்தல் பக்கம் வள்ளுவர் போகவே இல்லையா என்றால், போயிருக்கிறார். ‘இன்னாமை இன்பம் எனக்கொளின்’ என்று தொடங்கும் 630ஆவது குறள், துன்பத்தையே இன்பமாக ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனுடைய பகைவரும் விரும்பும் சிறப்பு அவனுக்கு உண்டாகும் என்கிறது. மேடைப் பேச்சாளர்கள் மசோக்கிசத்தை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வள்ளுவர் சொன்னார் என்று இதைக் காட்டிவிடுவார்கள். சொல்லவில்லை. முயற்சியைப் பற்றிய ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரத்தில் வருகிற குறள் இது. வேலையில் இறங்கியவனுக்கு இடையில் வரும் இடைஞ்சல்தான் இங்கே இன்னாமை. அதிலும் ‘எனக் கொளின்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்பம் ‘என்று எடுத்துக்கொண்டால்’. அது இன்பம் இல்லை என்பது எடுத்துக்கொள்கிறவனுக்கும் தெரியும்.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உச்சம் காமத்துப்பாலில் இருக்கிறது. காதலன் பிரிந்து போய்விட்டான். தூக்கம் இல்லை, அழுது அழுது கண் வீங்கிக் கிடக்கிறது. அப்போது அவள் சொல்கிறாள்:

‘ஓஒ இனிதே எமக்கிந்நோய் செய்தகண்
தாஅம் இதற்பட் டது.’

ஆகா, ரொம்ப நல்லது, எனக்கு இந்த நோயைக் கொடுத்த கண்கள் தாமும் இதில் மாட்டிக்கொண்டனவே! அவனைப் பார்த்துத் தொலைத்தது கண்தானே, இப்போது தூங்காமல் அழுவதும் அதே கண். நல்லா வேணும்! பிறர் துன்பத்தில் வரும் குளிர்ச்சி அப்படியே இருக்கிறது, ஆனால் அந்தப் பிறர் அவள் முகத்திலேயே இருக்கிறார். அழுவதும் அவள், அழுவதைப் பார்த்து ‘ஓஒ’ என்று இழுத்துக் கொண்டாடுவதும் அவள். ஜெர்மன் மருத்துவச் சொற்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் இதை விளக்க முடியும். இங்கே ஏழு சீர் போதுமாக இருந்திருக்கிறது. அந்த அளபெடையை வாய்விட்டு நீட்டிப் படித்துப் பாருங்கள், ‘இப்பக் குளுந்துச்சா’ என்ற குரல் கேட்கும்.

கடைசியாக உங்கள் இரவு ஷிஃப்ட். நான் சொன்ன இரண்டு கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். ராத்திரி வேலையின் அமைதி பிடித்து, போகும்போது வரும்போது ரோடு காலியாக இருப்பது பிடித்து, வேண்டாம் என்றால் அடுத்த வாரமே மாற்றிக்கொள்ள முடியும் என்று இருந்து நீங்கள் கேட்டு வாங்கினீர்கள் என்றால், டீம் லீடர் சொன்னது வெறும் லந்து. சிரித்துவிட்டுப் போகலாம். கேட்காவிட்டால் வேலைக்கு ஆபத்து, அல்லது இரவுப் படியை நம்பித்தான் வீட்டு வாடகை என்றால், உங்களுக்கு அந்தச் சொல் ஒரு எழுத்துகூடப் பொருந்தாது. அவருக்கு நம் ஊர்ப் பழமொழியை எடுத்துக் கொடுங்கள்: “மசோக்கிஸ்ட் இல்ல சார், வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதை. குத்துது, குடையுது. நாலாவது வாரத்துக்கு ஓணானை வேற யாருக்காவது குடுங்க.”